கிளிக் முந்தட்டும், கை பிந்தட்டும்

எங்கள் லயத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. கேமரன்மலைக் குளிரில் வாசல் சாக்கின் மேல் சுருண்டு கிடக்கும். கொழுந்து லாரி வந்தால் எழுந்து நாலு குரைப்பு குரைத்துவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும். சாப்பாடு உண்டு, பெயர் உண்டு, சிலதுக்குக் கழுத்துப் பட்டைகூட உண்டு. பயிற்சி மட்டும் கிடையாது. "நாய்க்கு என்ன பள்ளிக்கூடமா?" என்பதுதான் இங்கே பொதுக் கருத்து. இடுப்பில் ஈரல் பொட்டலமும் கையில் கிளிக்கருமாக நான் என் நாய் பிளாக்கியோடு தேயிலை வரிசைக்குள் நடப்பதைப் பார்த்து மேல் லயத்துப் பெரியம்மா ஒருவர் கேட்டார்: "ஏன்டாப்பா, சாமி வரவைக்க உடுக்கை அடிக்கிற மாதிரி எந்நேரமும் அதைத் தட்டிக்கிட்டே இருக்க?"

கிண்டல்தான். ஆனால் நல்ல கேள்வி. எந்நேரமும் தட்டினால் கிளிக்கரால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதன் வேலை அரை நொடிக்குள் முடிந்துவிடும். அந்த அரை நொடியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும், ஒரு தே தாரேக் ஆற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், பயிற்சி எதற்கு? சொன்னால் உட்காருவதும் கூப்பிட்டால் வருவதும் ஏதோ பணக்காரர் பங்களா நாய்க்கு உரியது என்று நினைக்கிறோம். மலேசியாவில் நாய் வளர்ப்பவருக்கு இது அவசியம் என்பேன். தேயிலைச் சரிவைப் பார்க்க வாரக் கடைசியில் வரும் கூட்டத்தில் பாதிப்பேர் மலாய்க் குடும்பங்கள். தலையில் துடோங் அணிந்த அம்மா, கையைப் பிடித்தபடி பிள்ளை. நம் நாய் ஆசையாக ஓடிப் போய் ஈர மூக்கை வைத்து முகர்ந்தாலோ நக்கினாலோ, ஷாஃபி மரபைப் பின்பற்றும் அவர்கள் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். சமாக் என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நம் நாய் கடிக்காது என்பது அவர்களுக்கு ஆறுதல் ஆகாது. "வா" என்றால் பாதி வழியில் திரும்பி வருகிற நாய், அக்கம்பக்கத்தாரோடு நல்லபடியாக வாழ்வதற்கு நாம் செய்கிற ஏற்பாடு.

கிளிக்கர் பெரிய சாதனம் ஒன்றும் இல்லை. கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வளைந்த எஃகுத் தகடு. அழுத்தினால் 'கிளிக்' என்னும். இணையத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் மாதம் நார்மண்டியில் இரவோடு இரவாகக் குதித்த அமெரிக்க பாராசூட் படையினர் இருட்டில் ஒருவரையொருவர் அடையாளம் காண இதே மாதிரி தகட்டைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு கிளிக்குக்கு இரண்டு கிளிக் பதில். அதற்கு முன்பே அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்.

சத்தத்துக்குத் தனியாக ஒரு மதிப்பும் இல்லை. நாம்தான் மதிப்பு ஏற்ற வேண்டும். கிளிக், உடனே பட்டாணி அளவு ஈரல். கிளிக், ஈரல். நாய் எதுவும் செய்யத் தேவையில்லை. இடைவெளியை மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து தடவை செய்தால் கிளிக் கேட்டதும் தலை திரும்பும், காது நிமிரும். பாவ்லோவ் நாய்களின் எச்சிலில் கண்டுபிடித்த அதே சங்கதி. 1990களில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களைக் கவனித்தபோதும் இதைத்தான் பார்த்தார். ஆரம்பத்தில் பழச்சாறு வாயில் விழும்போது துடித்த செல்கள், பழகப் பழக, சாறு வரப்போகிறது என்று சொல்லும் அடையாளத்துக்கே துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. மகிழ்ச்சி அடையாளத்துக்கு இடம் மாறிவிட்டது. ஆகவே நாய்க்குச் சம்பவம் நடப்பது கிளிக்கில். ஈரல் அதன் பின்னால் வரும் பாக்கி.

கோளாறு இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி தன் நாய்க்கு உட்காரக் கற்றுக்கொடுத்தான். "சிட்" என்றான், நாய் உட்கார்ந்தது. "குட் பாய், குட் பாய்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டான், பிளாஸ்டிக் பையைப் பிரித்தான், ஒரு துண்டை எடுத்தான். அதற்குள் நாய் எழுந்து அவன் முட்டியில் இரண்டு காலையும் வைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் துண்டு வாய்க்குப் போனது. "அண்ணே, சொன்னா உட்காருது. ஆனா உடனே மேல தாவுது, எப்படி நிறுத்துறது?" என்று என்னிடமே வந்து கேட்டான். நாய் ஒரு தப்பும் செய்யவில்லை. முட்டியில் கால் வைத்தால் ஈரல் வரும் என்று அவன் கற்றுக்கொடுத்தான், அது கற்றுக்கொண்டது. உட்காருவதை அதற்கு முந்தி செய்ய வேண்டிய சடங்காக எடுத்துக்கொண்டது.

இந்தச் சடங்கு விஷயத்தை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948-இல் புறாக்களை வைத்து எழுதினார். பசித்த புறாவைக் கூண்டில் விட்டு, அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 நொடிக்கு ஒரு முறை தீனி வரும்படி வைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று மூலையில் தலையை இடித்தது. தீனி வந்த தருணத்தில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதுதான் தீனியை வரவழைத்தது என்று எடுத்துக்கொண்டன. அந்த முடிவுக்கு வேறு விளக்கம் சொன்னவர்களும் பின்னாளில் உண்டு. இருந்தாலும், உட்காரும் முன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும் நாயைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு யாரோ எப்போதோ நேரம் தவறிக் கூலி கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஸ்கின்னர் பெயர் வந்ததால் இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1943, அமெரிக்காவின் மினியாபொலிஸ். குண்டைக் குறி பார்த்துச் செலுத்தப் புறாக்களைப் பழக்கும் போர்க்காலத் திட்டம் ஒன்று, ஒரு மாவு மில்லின் மேல் மாடியில் நடந்தது. வேலை இல்லாத ஒரு நாளில் ஸ்கின்னரும் அவரோடு வேலை செய்த கெல்லர் பிரெலண்டும் நார்மன் கட்மனும் புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தார்கள். அலகால் பந்தைத் தள்ளினால் சுவிட்சைத் தட்டித் தீனி கொடுப்பதாகத் திட்டம். காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், புறா தள்ளவே இல்லை. அலுத்துப்போய், பந்தைப் பார்த்தாலே கொடுப்போம் என்று மாற்றினார்கள். பார்த்தது, தட்டினார்கள். அலகு பந்தின் பக்கம் போனது, தட்டினார்கள். சில நிமிடங்களில் புறா பந்தைப் பெட்டியின் சுவரில் மோதவிட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அதுவரை இயந்திரம் செய்துகொண்டிருந்த வேலையைக் கண் பார்த்துக் கை செய்தபோது என்ன வேகம் வருகிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

பிரெலண்டும் அவர் மனைவி மேரியனும் படிப்பை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கினார்கள். கோழி, பன்றி, முயல் என்று விளம்பரங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் பழக்கினார்கள். பிறகு டால்பினுக்கும் போனார்கள். தண்ணீருக்குள் இருக்கும் டால்பின் துள்ளும் நொடியில் மீனை அதன் வாயில் வைக்க முடியாது, அதனால் விசில். கேரன் பிரையர் 1963-இல் ஹவாயில் டால்பின் பழக்கத் தொடங்கி, 1984-இல் நாயைச் சுட வேண்டாம் என்று தலைப்பிலேயே கேட்டுக்கொள்ளும் ஒரு புத்தகம் எழுதினார். 1990களில் கிளிக்கர் நாய்க்காரர்களிடம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனால் விளையாட்டுத் தகட்டை வைத்து நாயைப் பழக்கலாம் என்று ஸ்கின்னர் 1951-லேயே ஒரு பத்திரிகையில் விளக்கமாக எழுதியிருந்தார். நாய்க்காரர்கள் பலர் வெகுகாலம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

விசில் டால்பினுக்கு ஏன் தேவைப்பட்டதோ அதே காரணத்துக்காகத்தான் தேயிலைச் சரிவில் கிளிக்கர் தேவைப்படுகிறது. சமதரை வீட்டுக் கூடத்தில் நாய் காலடியில் இருக்கும், கை எட்டும். ஹாபு பக்கத்துச் சரிவுகளைப் பார்த்திருப்பீர்கள். நான் மேல் ரோட்டில் நிற்பேன், பிளாக்கி முப்பது மீட்டர் கீழே இரண்டு வரிசைக்கு நடுவில் எதையோ முகர்ந்துகொண்டிருக்கும். "பிளாக்கி, வா!" என்றதும் அது தலையைத் திருப்புகிறது. நான் வாங்க நினைப்பது அந்தத் திருப்பத்தைத்தான். வாசனையா எஜமானா என்ற தீர்மானம் அங்கேதான் நடக்கிறது. ஈரலை நம்பினால், அது மேலே ஏறி வந்து சேரப் பத்துப் பதினைந்து நொடி. நடுவில் ஒரு தவளை, ஒரு பிளாஸ்டிக் பை. ஒலியோ முப்பது மீட்டரை நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். தலை திரும்பும்போதே கிளிக் அதன் காதில் விழுந்துவிடுகிறது. பிறகு அது ஏறி வந்து பாக்கியை வாங்கிக்கொள்ளும். காற்று பலமாக இருந்தால் சிறிய கிளிக்கர் கேட்காது. அப்போது நாக்கைச் சொடுக்குகிறேன் அல்லது "எஸ்!" என்று ஒற்றைச் சொல்லை வெட்டினாற்போலச் சொல்கிறேன்.

நேரம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது எந்த நேரம்? கண்ணில் பட்டதைப் பார்த்து விரல் அசைய மனிதனுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். நாய் முழுதாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அழுத்தினால் சில நாய்கள் அதற்குள் எழ ஆரம்பித்திருக்கும். ஆகவே பின்னங்கால் மடங்கி இடுப்பு இறங்குவதைப் பார்க்கும்போதே விரல் கிளம்பிவிட வேண்டும். அப்போதுதான் பின்பாகம் தரையில் படும்போது சத்தம் வரும். ரொம்ப முந்தினால் பாதி குனிந்து எழுவதே பாடம் என்று அது முடிவு செய்யும். வாயைப் பார்க்காதீர்கள், வாலைப் பார்க்காதீர்கள், எந்த உறுப்பு வேலை செய்யப் போகிறதோ அதைப் பாருங்கள். உட்காருவதற்கு இடுப்பு, பக்கத்தில் நடப்பதற்குத் தோள், கூப்பிட்டால் வருவதற்குக் கழுத்து.

இன்னொரு கோளாறு நம் கையில் நடக்கிறது. கிளிக்குக்கு முன்பே கை பொட்டலத்தை நோக்கிப் போய்விடும். நாய் மகா கெட்டிக்காரப் பிராணி, சத்தத்தை விட்டுவிட்டுக் கையைப் படிக்கத் தொடங்கும். கை அசைந்தால் தீனி, அசையாவிட்டால் வேலை இல்லை. அப்புறம் கையில் ஒன்றும் இல்லாமல் சொன்னால் வானத்தைப் பார்க்கும். எனவே கை தொப்புளுக்கு நேரே சும்மா இருக்கட்டும். கிளிக். ஒரு மூச்சு. அப்புறம் கை. இந்த வரிசை கேட்க எளிது. செய்து பாருங்கள், கை தானாக ஓடுவதைக் கண்டு நீங்களே சிரிப்பீர்கள்.

கிளிக் கேட்டதும் நாய் எழுந்துவிடுகிறதே என்று பலர் குறைப்படுகிறார்கள். எழலாம். கிளிக் என்றால் வேலை முடிந்தது, கூலி வாங்க வா என்று அர்த்தம். நீண்ட நேரம் உட்கார வைக்க வேண்டுமானால் கிளிக்கைத் தள்ளிப் போடுங்கள், இரண்டு நொடி, நாலு நொடி, நடுவில் மறுபடி இரண்டு. தீனியை எங்கே கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே, கீழ்த்தாடைக்குக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தால் நாய் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உயரத் தூக்கிக் காட்டிக் கொடுத்தால் தாவக் கற்றுக்கொடுக்கிறோம்.

லாரி விஷயம். எங்கள் லயத்து நாய்களின் தேசிய விளையாட்டு கொழுந்து லாரியைத் துரத்துவது. ஒரு அக்கா தன் நாய் குரைக்கும்போதெல்லாம் "சரி சரி, வா, இந்தா" என்று ரொட்டி போடுவார். குரை, நிறுத்து, ரொட்டி வாங்கு என்ற மூன்று வரி பாடத்தை நாய் மனப்பாடம் செய்துவிட்டது. இதற்கு வழி, வளைவில் லாரிச் சத்தம் கேட்டு நாயின் காது நிமிர்கிறதே, வாய் திறக்கவில்லையே, அப்போது கிளிக் செய்வது. லாரியைப் பார்த்தது, குரைக்கவில்லை, கூலி கிடைத்தது. சில வாரத்தில் லாரி வந்தால் பிளாக்கி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. வாய் திறந்துவிட்டால் அந்த லாரி போயிற்று என்று விட்டுவிடுங்கள். அடுத்த லாரி வராமலா போகும்?

நமக்குப் போட்டியாளர் யார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். குப்பைத் தொட்டி. மூக்கை விட்டால் அந்த நொடியே எலும்பு. கோழியைத் துரத்தினால் அந்த நொடியே ஓட்டம். இவை கடன் வைப்பதே இல்லை. நம் பாடம் சேராமல் குப்பைத் தொட்டியின் பாடம் சேர்வதற்கு நாயின் திமிரைக் காரணம் சொல்லாதீர்கள்.

இந்த மலைக்கே உரிய ஓர் உதாரணமும் உண்டு. கேமரன்மலையில் ஓடும் தெலோம் ஆற்றின் பெயரால் தெலோமியன் என்று ஒரு நாய் இனம் இருக்கிறது. ஓராங் அஸ்லி மக்களின் நாய். 1963-இல் டாக்டர் ஆர்வில் எலியட் இதை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் இணை, நாய்களின் நடத்தையை ஆராய்வதில் பெயர்பெற்ற ஜான் பால் ஸ்காட்டிடம் அமெரிக்காவுக்கே போயிற்று. தூண்மேல் நிற்கும் வீடுகளுக்கு ஏணியில் ஏறிப் போகும் நாய்கள் என்று இவற்றைப் பற்றிச் சொல்வார்கள். ஏணி ஏற இவற்றுக்கு யாரும் கிளிக்கர் அடித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு படியிலும் மேலே இருக்கும் நெருப்பின் சூடும் சோற்றின் வாசமும் ஒரு படி நெருங்குகிறது. கூலி அதே நொடியில் வந்துவிடுகிறது. "நாட்டு நாய்க்கு ஒண்ணும் ஏறாது" என்று சொல்கிறவர்களிடம் நான் தெலோமியனைத்தான் காட்டுவேன்.

கிளிக்கர் மந்திரக்கோல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நான் இல்லை. 2016-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 51 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். கிளிக்கர் ஒரு குழு, ஒற்றைச் சொல் ஒரு குழு, வெறும் தீனி ஒரு குழு. கற்றுக்கொண்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதைப் படித்த பிறகும் நான் கிளிக்கரை விடவில்லை. பழகிய கை நேரத்துக்குத் தீனி கொடுத்துவிட்டால் இடையில் தகடு எதற்கு? ஆனால் நம் மாதிரி லயத்து வாசலில், மழையில், விறைத்த விரலோடு, சரிவில் தள்ளி நிற்கும் நாயைப் பழக்குகிறவர்களுக்கு அந்தக் கை இல்லை. எந்த நொடிக்காகக் காத்திருக்கிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் கிளிக்கரை அழுத்த முடியாது. அதனால் அது முதலில் பழக்குவது மனுஷனை.

ஆகவே, தம்பி தங்கைகளே, கிளிக்கர் வாங்கிய அன்றே நாயிடம் போகாதீர்கள். நாய் இல்லாத அறையில், யாரையாவது ஒரு பந்தைக் கீழே போடச் சொல்லி, அது தரையில் படும்போது அழுத்திப் பழகுங்கள். அது சரியாக வந்ததும், டிவி செய்தி வாசிப்பவர் கண் சிமிட்டும்போது அழுத்துங்கள், இது இன்னும் கஷ்டம். கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு பிந்துகிறீர்கள் என்று தெரியும். சத்தத்துக்கு மிரளும் நாயாக இருந்தால் கிளிக்கரை ஒரு காலுறைக்குள் போட்டு அழுத்துங்கள். மழையில் நனைந்தால் தகடு துருப்பிடிக்கும், துடைத்து வையுங்கள். பாடம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். தப்பான நேரத்தில் விரல் பட்டு கிளிக் வந்துவிட்டாலும் தீனியைக் கொடுத்துவிடுங்கள், ஒரு துண்டு ஈரல்தான் நஷ்டம். கொடுக்காமல் விட்டால் அடுத்த கிளிக்கை நாய் நம்பாது.